103 இன்ஜினை 110 ஆக்கும்போது கம்ப்ரஷன் ரிலீஸ் வேண்டுமா, வேண்டாமா?

அடையாறு_வி_ட்வின்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014 ஹார்லி ஃபேட் பாய், ட்வின் கேம் 103 இன்ஜின், அதாவது 103 கியூபிக் இன்ச், 1690 சிசி. செகண்ட் ஹேண்ட். வால்வு வேலைக்காக ஹெட்டை இறக்கும் நேரம் வந்துவிட்டது. எப்படியும் மேல்பாதி கழன்று கீழே வரப்போகிறது, கூடக் கொஞ்சம் செலவு செய்து 110 ஆக்கிவிடலாம் என்று ஆசை. கிராங்க் கேஸை (இன்ஜினின் கீழ்ப்பாதி) தொடாமல் மாட்டும் கிட் பார்த்து வைத்திருக்கிறேன். புது சிலிண்டர், பிஸ்டன், மெலிந்த ஹெட் கேஸ்கட், வால்வைத் திறந்து மூடும் கேம். கம்ப்ரஷன் விகிதம் 10.5 வரும் என்கிறார்கள்.

குழப்பம் கம்ப்ரஷன் ரிலீஸ் பற்றித்தான், அதாவது ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் சிலிண்டர் அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும் குட்டி வால்வு. ஒரு மெக்கானிக், "ஹெட்டில் கம்ப்ரஷன் ரிலீஸ் போடாமல் இதைச் செய்யாதீர்கள், செல்ஃப் மோட்டார் போய்விடும்" என்கிறார். இன்னொருவர், "நல்ல ஹெட்டை ஏன் சார் ஓட்டை போடுறீங்க" என்று சிரிக்கிறார். இரண்டு பேருமே பெரிய வண்டி பார்த்துப் பழகியவர்கள். யார் பேச்சைக் கேட்பது?

ஈசிஆர்_ஞாயிறு:
வேண்டாம். நல்ல பேட்டரி, அதைவிட நல்ல ஸ்டார்ட்டர், முடிந்தது. என் நண்பன் வண்டி 107, ரிலீஸ் கிடையாது, மாமல்லபுரம் வரை போய் டீ குடித்துவிட்டு ஒரே அழுத்தில் கிளம்புவான்.

ஆவடி_கணக்கு:
வேண்டும், வேண்டாம் என்று சொல்வதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். இதில் கைராசிக்கு வேலையே இல்லை.

103ல் போர் (சிலிண்டர் விட்டம்) 98.4 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 111.1 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 845 சிசி. கம்பெனி கம்ப்ரஷன் 9.6 என்றால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் சுமார் 98 சிசி. 110ல் ஸ்ட்ரோக் அதேதான், போர் 101.6 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 901 சிசி. அதே ஹெட்டை அப்படியே மேலே வைத்தால் 901ஐ 98ஆல் வகுத்து ஒன்று கூட்டுங்கள், 10.2 வரும். ஒன்றுமே செய்யாமல் போரை மட்டும் பெரிதாக்கினாலே கம்ப்ரஷன் ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கேஸ்கட்டை 0.4 மி.மீ. மெலிதாக்கினால் இன்னும் 3 சிசி குறையும், 10.5 ஆகிவிடும். கிட்காரர் சொன்னது பொய்யில்லை.

ஆனால் ஸ்டார்ட்டருக்கு இந்த 10.5 நேரடியாகத் தெரியாது. பிஸ்டன் கீழிருந்து மேலே வர ஆரம்பித்த பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தேதான் இருக்கும். அது மூடிய பிறகுதான் காற்று நெருங்கத் தொடங்கும். உங்கள் 10.5ஐ விடுங்கள், 10.2 இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். கீழ்ப்புள்ளிக்குப் பிறகு 30 டிகிரியில் இன்டேக் மூடினால் நிஜமாக நெருங்குவது சுமார் 9.7. 45 டிகிரியில் மூடினால் சுமார் 9.2. அதே பிஸ்டன், அதே ஹெட், கேம் மட்டும் வேறு. ஆகவே கேம் எது என்று தெரியாமல் உங்களுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. கிட்டோடு வரும் கேம் கார்டைப் பாருங்கள், இன்டேக் எத்தனை டிகிரியில் மூடுகிறது என்று எழுதியிருக்கும்.

ஊருக்குள் ஓட்டுபவருக்கு விற்பவர்கள் பெரும்பாலும் சீக்கிரம் மூடும் கேமைத்தான் தலையில் கட்டுவார்கள். கீழ் ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக இருக்கும், அதனால் அது தப்பில்லை. ஸ்டார்ட்டருக்கு மிகவும் பாரமான கேமும் அதுதான்.

இன்னொன்று, இன்ஜினைக் கழற்றும் முன் இப்போதிருக்கும் க்ராங்கிங் பிரஷரை (ஸ்டார்ட்டர் சுற்றும்போது சிலிண்டரில் ஏறும் அழுத்தம்) அளந்து எழுதி வையுங்கள். இரண்டு சிலிண்டர் பிளக்கையும் கழற்றி, இன்ஜின் சூடாக இருக்கும்போது, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும்வரை சுற்ற வேண்டும். த்ராட்டிலைத் திறக்க மறந்தால் நம்பர் குறைவாகக் காட்டும்.

பெரம்பூர்_பைக்:
குறுக்கே ஒரு சந்தேகம். ரிலீஸ் போட்டால் கம்ப்ரஷன் குறையும், அப்படியானால் 10.5 இன்ஜினை சாதா பெட்ரோலிலேயே ஓட்டலாம் அல்லவா?

ஆவடி_கணக்கு:
இல்லை. இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் வருகிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். ரிலீஸ் திறந்திருப்பது ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த ஓரிரு நொடி மட்டும். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் அது மூடிவிடும். அதன் பிறகு 10.5 என்றால் 10.5தான். நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாகத் தானே வெடித்து இன்ஜின் தட்டுவது), சூடு, பெட்ரோல் எதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பவரும் குறையாது, ஏறாது.

பெட்ரோல் விஷயம் தனி. மே மாதம், மத்திய கைலாஷ் சிக்னலில் காற்றில்லாமல் நிற்கும் ஏர் கூல்டு இன்ஜினுக்கு 10.5 என்பது விளையாட்டில்லை. இப்போது பங்கில் வரும் இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) 95 ஆக்டேன் தரம், பழைய 91ஐவிட நாக்கிங்குக்குத் தேவலை. ஆனால் எத்தனால் பழைய ரப்பருக்கு ஆகாது, 2014 வண்டியின் ரப்பர் ஹோஸ், சீல் எல்லாவற்றையும் இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள். 100 ஆக்டேன் சென்னையில் சில பங்குகளில் கிடைக்கிறது, விலையைப் பார்த்தால் நெஞ்சடைக்கும். ட்யூனிங்கில் இக்னிஷன் அட்வான்ஸை (ஸ்பார்க் எவ்வளவு முன்னதாக விழுகிறது என்பது) சரியாகப் பின்னே இழுக்கத் தெரிந்த ஆளைப் பிடியுங்கள், பாதி கவலை போய்விடும்.

பழைய_புல்லட்:
தம்பிகள் இதைப் புதுச் சரக்கு மாதிரி பேசுகிறீர்கள். திருவொற்றியூரில் செய்த காஸ்ட் அயர்ன் புல்லட் ஓட்டிய எவனுக்கும் இது அத்துப்படி. இடது கைப்பக்கம் சின்ன லீவர், டீகம்ப்ரசர். அதை அழுத்தினால் எக்ஸ்ஹாஸ்ட் வால்வு கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். கிக்கரை மெதுவாக மிதித்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் இறுகி நிற்கும், ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். அங்கே லீவரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சி தாண்டிக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு மிதி. இதைச் செய்யாமல் மொட்டையாக மிதித்தவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அதன் கம்ப்ரஷன் எவ்வளவு தெரியுமா? 7ஐச் சுற்றித்தான். 350 சிசி, அதற்கே இந்தப் பாடு.

டீசல் புல்லட் டாரஸ் என்று ஒன்று வந்ததே, 325 சிசி, அதில் அந்த லீவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஊரில் கிணற்று டீசல் இன்ஜினைக் கையால் சுற்றியவர்களைக் கேளுங்கள். லீவரைத் தூக்கி வைத்து, ஹேண்டிலை வேகமாகச் சுற்றி, வீல் வேகம் பிடித்ததும் லீவரை டக்கென்று கீழே விட வேண்டும். வேலை ஒன்றேதான். இன்ஜின் தானாகச் சுற்றும் அளவுக்கு வேகம் பிடிக்கும்வரை அதன் முரட்டுத்தனத்தைக் குறைத்து வைப்பது.

பிறகு வந்த யூசிஇ (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில்) புல்லட்டில் லீவர் போய்விட்டது, கேமிலேயே தானியங்கி டீகம்ப்ரசர் வைத்துவிட்டார்கள். சுற்றும் வேகம் ஏறினால் சின்ன எடை வெளியே விலகி வால்வை விட்டுவிடும். ஓட்டுகிறவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் தள்ளி ஸ்டார்ட் செய்வார்கள், அது வேறு அழகு. அதைப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விடுங்கள்.

கிண்டி_லேத்:
ஹெட் வேலை செய்பவன் என்ற முறையில் என் பங்கு.

வெளியே கிடைக்கும் கையால் அழுத்தும் ரிலீஸ் வால்வு பெரும்பாலும் 10 மி.மீ. மரை, 1 மி.மீ. பிட்ச். பெரிய செயின் ரம்பங்களில் இருக்குமே, அதே ஜாதி. பட்டனை அழுத்தினால் உள்ளே குட்டி வால்வு கீழே இறங்கித் திறந்தபடி நிற்கும். இன்ஜின் முதலில் வெடித்ததும் அந்த அழுத்தமே அதை மேலே தள்ளி மூடிவிடும்.

ஓட்டை போடுவது பெரிய வித்தையில்லை, எங்கே போடுவது என்பதுதான் வித்தை. எரியும் அறைக்குள் போய்ச் சேர வேண்டும், வால்வு சீட்டுக்கும் பிளக் மரைக்கும் நடுவே போதுமான உலோகம் விட வேண்டும். வெளியே ஃபின்னுக்கு நடுவில் தட்டையாக ஒரு இடம் மில் செய்தால்தான் வாஷர் சமமாக உட்காரும். இதை டிரில் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு செய்பவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள். மில்லிங் மெஷினில், ஜிக்கில் கட்டி, கோணம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஹெட் கீழே இருக்கும்போது மட்டும். வண்டியில் வைத்தபடியே போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டே வெளியே வந்துவிடுங்கள். அலுமினியத் தூள் உள்ளே போனால் சிலிண்டர் காலி.

ஒரு ஹெட்டில் மட்டும் போட்டால் போதுமா என்றும் கேட்பார்கள். போதாது. இரண்டு சிலிண்டரும் மாறிமாறி எதிர்க்கும், ஒன்றைத் தளர்த்தி இன்னொன்றை விட்டால் ஸ்டார்ட்டர் ஒரு சுற்றில் ஓடி அடுத்ததில் முட்டும்.

பராமரிப்பு என்று பார்த்தால் கார்பன்தான் எதிரி. ரிச்சாக ஓடும் இன்ஜின், ஆயில் எரிக்கும் இன்ஜின் இரண்டிலும் அந்தக் குட்டி வால்வு கசடு பிடித்துச் சரியாக மூடாது. ஐடிலில் புஸ் புஸ் என்று சத்தம் வரும். கழற்றிக் கழுவி மாட்டினால் சரி. அதனால்தான் மரையில் ஆன்டி சீஸ் (மரை இறுகி ஒட்டாமல் இருக்கத் தடவும் பேஸ்ட்) தடவி மாட்டச் சொல்வது.

ஈசிஆர்_ஞாயிறு:
பார்த்தீர்களா, கார்பன், கசிவு, மரை. இல்லாத பிரச்சினையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். 1.4 கிலோவாட் ஸ்டார்ட்டர் ஒன்று மாட்டினால் இது எதுவும் கிடையாது. கம்பெனியில் வந்தது 1.2தான்.

கம்பி_வேலை:
பெரிய ஸ்டார்ட்டர் நல்லதுதான், ஆனால் அதற்குத் தீனி எங்கிருந்து வரும்? உங்கள் ஃபேட் பாய் மாதிரி சாஃப்டெயிலில் பேட்டரிக்கு இருக்கும் இடம் சின்னது, டூரிங் வண்டியில் வைக்கும் பெரிய பேட்டரி உள்ளே போகாது. அதிகக் கரண்ட் இழுக்கும் ஸ்டார்ட்டரைச் சோர்ந்த பேட்டரியோடு கட்டினால் வோல்டேஜ் இன்னும் விழும்.

முதலில் மீட்டரை பேட்டரி முனையில் வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. பேட்டரி சரி என்றால் கேபிள். பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்துச் சுற்றினால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. எர்த் பக்கமும் அதேபோல். கடல் காற்று வாங்கும் ஊர் இது, பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் நிற்கும் வண்டிகளில் எர்த் முனை பச்சை பூத்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். முனையைச் சுரண்டித் துடைத்து முறுக்கியதில் "செல்ஃப் மோட்டார் போச்சு" என்று வந்த வண்டிகள் பல சுகமாகியிருக்கின்றன.

வோல்டேஜ் விழுவதால் இன்னொரு தொல்லை. இன்ஜின் மெதுவாகச் சுற்றும். உச்சிக்கு வரும் முன்பே ஸ்பார்க் விழும், மெதுவாக வரும் பிஸ்டனை அது கீழே திருப்பி அடிக்கும். 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த அடி ஸ்டார்ட்டர் பினியன், ரிங் கியர், காம்பன்சேட்டர் (அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் பாகம்) எல்லாவற்றின் மேலும் விழும். செல்ஃப் மோட்டார் எரிவதைவிட இந்தத் திருப்பி அடிப்பதுதான் அதிகம் உடைக்கும். ரிலீஸ் இருந்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், அதனால் இந்த அடியும் குறையும். என்னைக் கேட்டால் ரிலீஸின் நிஜமான பலன் இதுதான், இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

தானியங்கி ரிலீஸும் இருக்கிறது. சோலினாய்டு வைத்தது, கரண்ட் கொடுத்தால் வால்வு திறக்கும். ஹார்லியே 110 இன்ஜின் வைத்த சிவிஓ (கம்பெனியின் விலை உயர்ந்த ஸ்பெஷல் வகை) வண்டிகளில் அதைக் கொடுத்தது, பிறகு ட்வின் கேமுக்கு அடுத்த மில்வாக்கி எய்ட் இன்ஜினிலும் வந்தது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது திறக்கும், இன்ஜின் பிடித்ததும் மூடும். கம்பெனியே தன்னுடைய 110க்கு வைத்திருக்கிறது என்பதை ஈசிஆர் அண்ணன் கவனிக்கவும். உங்கள் 103க்கு அதைக் கொண்டுவர வேண்டுமானால் ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) அந்த சர்க்யூட்டை ஓட்டுமா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டார்ட்டர் ரிலே பக்கமிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். வயரிங் சுத்தமாக இல்லாவிட்டால் மழைக்காலத்தில் தலைவலி. ஒரு குறிப்பு: தானியங்கி ரிலீஸ் உள்ள வண்டியில் கம்ப்ரஷன் பார்க்கும்போது அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் முள் பாதியில் நிற்கும், நல்ல இன்ஜினைப் பிரிக்கச் சொல்லிவிடுவார்கள்.

ராயபுரம்_ரைடர்:
நான் கையால் அழுத்தும் வகையோடு குடும்பம் நடத்துகிறவன். 95 கியூபிக் இன்ச், பழைய ட்வின் கேம், கம்ப்ரஷனை ஏற்றும் தலை குவிந்த டோம் பிஸ்டன்.

நல்லது முதலில். வேலை செய்கிறது. அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் சத்தமே மாறிவிடும், முக்கி முனகாமல் விர்ரென்று சுற்றும். இப்போது கெட்டது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பட்டனையும் அழுத்த வேண்டும். மூலக்கொத்தளம் பாலத்தில் பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்போது வண்டி நின்றால், குனிந்து டேங்குக்குக் கீழே கையை விட்டுப் பின் சிலிண்டர் பட்டனைத் தேடுவது இருக்கிறதே, அது யாருக்கும் வர வேண்டாம். கிளவுஸ் இல்லாமல் தொட்டால் விரல் பழுத்துவிடும்.

காலையில் குளிர்ந்த இன்ஜினில் பெரும்பாலும் அழுத்துவதே இல்லை, அதுவே சுற்றிவிடும். தேவைப்படுவது சூட்டில். பங்கில் பெட்ரோல் போட்டுவிட்டு உடனே கிளம்பும்போது. அந்தச் சூட்டில் ஸ்டார்ட்டரும் வெந்து போய் நிற்கும், அதற்கும் பலம் குறையும். அதனால் "காலையில் ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆச்சு" என்று யாராவது காட்டினால் நம்பிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் ஊருக்குள் ஓட்டிவிட்டு, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

ஈசிஆர்_ஞாயிறு:
சரி, சூட்டு ஸ்டார்ட் பேச்சை ஒப்புக்கொள்கிறேன். நண்பன் டீ குடித்தது நிழலில்தான். ஆனாலும் எந்த நம்பருக்கு மேல் போட வேண்டும் என்று ஒரு வரி சொல்லுங்கள், எல்லோருக்கும் உபயோகமாக இருக்கும்.

ஆவடி_கணக்கு:
எங்கும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, நான் வைத்திருக்கும் அளவைச் சொல்கிறேன். க்ராங்கிங் பிரஷர் 180 பிஎஸ்ஐக்குள் என்றால் வேண்டாம், பேட்டரியையும் கேபிளையும் பாருங்கள். 200ஐத் தாண்டினால் யோசிக்காமல் போடுங்கள். நடுவில் இருந்தால் ஹெட் ஏற்கெனவே கீழே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்தால் போட்டுவிடுவது நல்லது. ஏனென்றால் பிறகு வேண்டுமென்று தோன்றினால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், கேஸ்கட் செட் மறுபடி வாங்க வேண்டும்.

போரூர்_வழக்கு:
இன்ஜின் பேச்சு போதும், ஆர்சி புத்தகத்தை யாரும் தொடவில்லையே. 1690 சிசி என்று பதிவான வண்டி 1801 ஆகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ரிலீஸ் வால்வை யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை, கன அளவு மாறுவது வேறு. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் இதைத்தான் முதலில் பிடிப்பார். ட்ராக் வண்டி என்றால் இருங்காட்டுக்கோட்டைக்கு டிரெய்லரில் ஏற்றிப் போய் ஓட்டுங்கள், கேள்வி இல்லை. ரோட்டு வண்டி என்றால் தெரிந்தே செய்யுங்கள்.

பழைய_புல்லட்:
வக்கீல் வந்தால் விருந்து கெட்டது.

போரூர்_வழக்கு:
கேஸ் வந்தால் என்னிடம்தானே வரப்போகிறீர்கள், ஐயா.

அடையாறு_வி_ட்வின்:
எல்லோருக்கும் நன்றி. ஆவடி அண்ணன் சொன்னபடி அளந்தேன். முன் சிலிண்டர் 165, பின் சிலிண்டர் 160. சூட்டில், த்ராட்டில் முழுக்கத் திறந்து. சுற்றும்போது பேட்டரி 10.1ல் நின்றது. எர்த் கேபிள் முனை, கம்பி_வேலை சொன்ன பச்சை அப்படியே இருந்தது, துடைத்துவிட்டேன்.

கேம் கார்டும் வந்துவிட்டது. இன்டேக் சீக்கிரம் மூடும் வகை. இப்போது என்ன ஆகும்?

ஆவடி_கணக்கு:
கேமை மாற்றாமல் 9.6லிருந்து 10.5க்குப் போனாலே உங்கள் 165, 185 வாக்கில் வந்து நிற்கும். பழைய கேமைவிடச் சீக்கிரம் மூடுகிறது என்றால் 190ஐத் தாண்டும். கேஸ்கட்டை மெலிதாக்காமல் 10.2ல் நிறுத்தினால் கொஞ்சம் இறங்கும். சிக்னல்தான் உங்கள் வாழ்க்கை என்றால் நான் 10.2ல் நிறுத்துவேன். நாக்கிங்குக்கும் அது நல்லது. மெலிந்த கேஸ்கட்தான் போடுவேன் என்றால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று களிமண் வைத்து அளந்துவிடுங்கள், கிட்காரர் சொல்லை நம்பாமல்.

அடையாறு_வி_ட்வின்:
10.2க்கே போகிறேன். ஆனாலும் ஹெட் கீழே இருப்பதால் ஓட்டையும் போட்டுவிடுகிறேன், கையால் அழுத்தும் வகைதான். தானியங்கிக்கு வயர் இழுக்கத் தைரியம் இல்லை. பழைய ஸ்டார்ட்டரே இருக்கட்டும், மாட்டிய பிறகு சூட்டில் அளந்து பார்த்துவிட்டு மீதியைப் பேசலாம். ஆர்சி விஷயத்தை போரூர் சாரிடம் தனியாகக் கேட்கிறேன். கிண்டி அண்ணா, ஹெட்டை எப்போது கொண்டுவரலாம்?

கிண்டி_லேத்:
வால்வு வேலை முடியும் முன்பே கொண்டுவந்துவிடுங்கள். ஓட்டை போட்டுத் தூள் எல்லாம் கழுவிய பிறகுதான் சீட் வெட்ட வேண்டும், மாற்றிச் செய்தால் புதுச் சீட்டில் கீறல் விழும். எந்த வால்வு வாங்கினீர்களோ அதையும் கையோடு எடுத்து வாருங்கள். படத்தைப் பார்த்து டேப் அடிக்க மாட்டேன். பின் ஹெட்டில் பட்டன் எந்தப் பக்கம் வந்தால் உங்கள் விரல் எட்டும் என்பதையும் டேங்கை வைத்துப் பார்த்து மார்க்கரால் குறித்துக்கொண்டு வாருங்கள். ராயபுரம் சொன்னதைப் படித்தீர்கள்தானே.

அடையாறு_வி_ட்வின்:
சரி அண்ணா. ரிலீஸ் வால்வைக் கழுவக் கழற்றினால் காப்பர் வாஷர் பழசையே மறுபடி போடலாமா?

கிண்டி_லேத்:
சூடுபடுத்தி ஆற வைத்தால் போடலாம். ஆனால் புதுசு அவ்வளவு விலையில்லை, நான்கு வாங்கி வையுங்கள்.